கொல்லைப்புறத்துப் பறவைகளைப் படம் எடுப்பது எப்படி?

போன வருஷம் ஜூலை மாதம் இதே பலகையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கா? கூட்டுக்குள்ள மூணு கொண்டைக்குருவிக் குஞ்சுங்க வாயை 'ஆ'ன்னு திறந்துக்கிட்டு இருக்கிற படம். பிரேயர் முடிஞ்சதும் கூட்டமா நின்னு பார்த்தீங்க. டீச்சர்கூட "பத்திரிகையில வர்ற படம் மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க. எப்படி எடுத்தேன்னு நிறையப் பேர் கேட்டீங்க. "ஜூம் பண்ணி எடுத்தேன்"னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

அது பொய். நடந்தது இதுதான். எங்க வீட்டுக் கொல்லையில ஒரு மருதாணிச் செடி இருக்கு. அதுக்குள்ள கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. கூடு நல்லா மறைவா இருந்ததால வெளிச்சம் பத்தலை. நான் முன்னாடி இருந்த நாலு கிளையையும் வளைச்சு சணல் கயிறால கட்டி ஒதுக்கிவிட்டேன். ஒரு மணி நேரம் நின்னு எடுத்தேன். தாய்க்குருவி அவ்வளவு நேரமும் முருங்கை மரத்துல உட்கார்ந்து கத்திக்கிட்டே இருந்தது. படம் கிடைச்ச சந்தோஷத்துல கயிற்றை அவிழ்க்க மறந்துட்டேன். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தா கூடு காலி. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சுன்னு அம்மாச்சி சொன்னாங்க. "நீதானேடி கதவைத் திறந்து வச்ச?" என்றும் சொன்னாங்க.

நீங்க எல்லாரும் கைதட்டின படத்துல இருந்த மூணு குஞ்சும், படம் எடுத்த ரெண்டாம் நாள் உயிரோட இல்லை. இதை ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லலை. இந்த மாதம் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் எழுதச் சொன்னபோது, முதல்ல இதை எழுதிட்டுத்தான் மற்றதை எழுதணும்னு தோணிச்சு. கட்டுரை பெருசாயிருச்சு. ஒரு சார்ட் அட்டைக்குப் பதிலா மூணு கேட்டு வாங்கியிருக்கேன். பக்கத்துல கோலப்போட்டி முடிவு எழுத வேண்டியவங்க மன்னிக்கவும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பறவையைப் பக்கத்துல இருந்து படம் எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பறவை இருக்கிற இடத்துக்கு நாம போவது. கூட்டுக்குப் போறது இதுல ரொம்பச் சுலபம். ஏன்னா கூட்டை விட்டுட்டுப் பறவை ஓடாது. அதனாலேயே அது தப்பு. ஓட முடியாத நேரத்துல போய் நிக்கிறோம். இப்போ பல புகைப்படப் போட்டிகளில் கூடு, முட்டை, குஞ்சு இருக்கிற படங்களை ஏற்றுக்கொள்வதே இல்லை. ரெண்டாவது வழி, பறவை தானா வர்ற இடத்துல நாம மறைஞ்சு உட்கார்றது. பயம்னா அது பறந்து போயிரலாம். பிடிச்சா திரும்ப வரலாம். அந்த ரெண்டாவது வழியைத்தான் இந்த ஒரு வருஷமா கத்துக்கிட்டேன்.

தீனி வைப்பது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. வெளிநாட்டுக்காரங்க தோட்டத்துல தீனித்தட்டு தொங்கவிடுறாங்கன்னு படிச்சா ஆச்சரியமா இருக்கும். ஆனா நம்ம வீடுகள்ல சமைச்சதும் முதல் பிடி சோறு காக்காவுக்குத்தானே? அமாவாசைன்னா கேட்கவே வேண்டாம். கூப்பிட்டுக் கூப்பிட்டு வைப்பாங்க. வாசல் நிலையில நெற்கதிரைக் கட்டித் தொங்கவிடுறதும் சிட்டுக்குருவிக்காகத்தான். எங்க அம்மாச்சி காலையில கொல்லையில உட்கார்ந்து சொளகுல அரிசி புடைப்பாங்க. நொய்யும் தவிடும் அங்கிட்டே விழும். தவிட்டுக்குருவி கூட்டம் அவங்க காலுக்கு ரெண்டடி தள்ளி வந்து பொறுக்கும். நான் போனா மட்டும் 'கீச்சு மூச்சு'ன்னு கத்திட்டுப் பறந்துரும். இது ஏன்னு எனக்கு ரொம்ப நாளாப் புரியலை. அதைப் பின்னால சொல்றேன்.

நான் வைக்கிற தீனி இதுதான். கம்பு, உடைச்ச அரிசி நொய், கொஞ்சம் தினை. இது சிட்டுக்கும் புறாவுக்கும். பழுத்த பப்பாளித் துண்டு, வாழைப்பழம், கொய்யா. இது கொண்டைக்குருவி, மைனா, குயிலுக்கு. உப்புப் போட்ட சோறு, மிக்சர், முறுக்கு, பிஸ்கட் எதுவும் வைக்கக் கூடாது. சின்ன உடம்பு, உப்பு தாங்காது. தீனித்தட்டா எங்க வீட்டுப் பழைய மரப்பலகையை நாலடி உயரக் கம்புல அடிச்சு வச்சிருக்கேன். பலகையில நேராகத் தீனியைப் போட்டு எடுத்தா படம் நல்லா இருக்காது, ஓட்டல் மேஜை மாதிரி தெரியும். அதனால பலகைக்குப் பக்கத்துல காய்ஞ்ச முருங்கைக் கிளை ஒண்ணை நட்டு வச்சேன். பறவை தீனிக்கு இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அந்தக் கிளையில உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்க்கும். படம் எடுக்க வேண்டியது அப்பத்தான்.

தீனியைவிட தண்ணீருக்கு வர்ற பறவைதான் அதிகம். நம்ம மதுரைப் பக்கம் ஏப்ரல், மே மாதத்துல 40 டிகிரிக்கு மேல வெயில் அடிக்குது. கண்மாய் எல்லாம் வெடிச்சுக் கிடக்கும். அப்போ ஒரு மண் தட்டுல தண்ணி வச்சா போதும், பழமும் வேண்டாம், கம்பும் வேண்டாம். தட்டு ஆழமா இருக்கக் கூடாது. ரெண்டு அங்குலம் போதும். நடுவில ஒரு சொரசொரப்பான கல் போடணும். வழுவழுப்பான பிளாஸ்டிக் பேசின் வச்சா சின்னக் குருவிங்க உள்ளே விழுந்து ஏற முடியாம செத்துப்போகும். தினமும் தண்ணியை மாத்தணும், இல்லேன்னா கொசு முட்டை வச்சிரும். தீனிப் பலகையையும் வாரம் ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவி வெயில்ல காயவிடணும். ஒரே பலகையில பத்துப் பறவை எச்சம் போட்டா ஒண்ணோட நோய் எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்.

ராத்திரி மிச்சத் தீனியை எடுத்துரணும். நான் முதல் மாசம் எடுக்கலை. எலி வந்தது. எலிக்குப் பின்னாடி ஒரு சாரைப்பாம்பு வந்தது. அதுக்குப் பின்னாடி எங்க அம்மா விளக்குமாத்தோட வந்தாங்க, பாம்பை விரட்ட இல்லை, என்னை!

இப்போ முக்கியமான விஷயம், மறைவிடம். இதைக் கண்டுபிடிச்சவங்க கதை ரொம்ப சுவாரசியமா இருக்கும். இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருந்தாங்க. 1892-ஆம் வருஷம் முட்டைகளோட ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தாங்க. 1895-ல் புகைப்படங்களோட ஒரு பறவைக்கூட்டுப் புத்தகமே போட்டாங்க. அந்தக் காலத்துக் கேமரா பெட்டி மாதிரி பெருசு. பறவைக்குப் பக்கத்துல கொண்டுபோனாத்தான் படம் விழும். அதனால என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒரு மாட்டுத்தோலை வாங்கி, உள்ளே கூடு மாதிரி சட்டம் வச்சு, பொய்மாடு செஞ்சாங்க! நம்ம ஊர்ல கன்னுக்குட்டி செத்துப்போனா வைக்கோல் திணிச்சு வைப்பாங்களே, அதே மாதிரி பெரிய மாடு. அதுக்குள்ள ஆள் நின்னுக்கிட்டு, ஓட்டை வழியா கேமராவை நீட்டுவாங்க. ஒரு தடவை ஆள் உள்ளே இருக்கும்போதே மாடு கவிழ்ந்து நாலு காலும் வானத்தைப் பார்த்துக் கிடந்ததாம். இதுவும் கூட்டுப்படம் எடுக்கத்தான் செஞ்சாங்க என்பது வேற விஷயம். அவங்க காலத்துல அது தப்புன்னு தெரியாது. எரிக் ஹோஸ்கிங் என்று இன்னொரு இங்கிலாந்துக்காரர். 1937-ல் ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்துல இருந்த தன் மறைவிடத்துக்கு ராத்திரியில போனபோது ஆந்தை அடிச்சு ஒரு கண்ணே போயிருச்சு. அதுக்கப்புறமும் அவர் வாழ்நாள் முழுக்கப் பறவைகளைப் படம் எடுத்தார்.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தரையும் சொல்லணும். மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' நாவல் எழுதிய அ. மாதவையாவின் மகன். வேற வேற கேமராக்களோட பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா செஞ்சு, அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரு வச்சிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம்தான் அதிகம் எடுத்தார். 1950-ல் ஆரம்பிச்சு 1996-ல் இறக்கும் வரைக்கும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையையும் காட்டெருமையையும் பற்றி எழுதினவர்தான், காக்கா, மைனா, தவிட்டுக்குருவி பற்றியும் எழுதினார். தமிழ்லயும் எழுதியிருக்கார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமா வந்திருக்கு. கேமரா வாங்கக் காசு இல்லையேன்னு சொல்றவங்க அவரை நினைச்சுக்கோங்க.

என் கேமராவும் என்னோடது இல்லை. மாமா கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். அவர் தூக்கிப் போட்டு வச்சிருந்த பழைய கேனான் கேமராவும் 55-250 லென்ஸும் சனி, ஞாயிறு மட்டும் என் கைக்கு வரும். முகூர்த்த நாள்னா அதுவும் வராது.

நான் மறைவிடம் கட்டின விதத்தைச் சொல்றேன். அஞ்சடி உயரத்துல நாலு மூங்கில் கம்பு. மூணடிக்கு மூணடி சதுரமா நட்டு, மேலே குறுக்குக் கம்பு வச்சுக் கட்டினேன். சுத்திச் சாக்கு. இதுல ஒரு தப்பு பண்ணினேன். முதல்ல வீட்டுல கிடந்த பிளாஸ்டிக் அரிசிச் சாக்கைத் தைச்சுக் கட்டிட்டேன். ஆடிக்காத்துல அது 'படபட'ன்னு அடிச்சதுல ஒரு வாரம் ஒரு பறவை வரலை. அப்புறம் கடையில பழைய சணல் சாக்கு ஆறு வாங்கி மாத்தினேன். சணல் சத்தம் போடாது, மண்ணு நிறமாவும் இருக்கும். மேலே ரெண்டு தென்னங்கிடுகு. பார்க்கிறதுக்கு ஆட்டுக்குட்டி அடைக்கிற கொடாப்புக்கும் குளியல் தட்டிக்கும் நடுவில இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை "கொல்லையில கக்கூஸா கட்டுறீங்க?"ன்னு அம்மாகிட்ட விசாரிச்சாங்க. மொத்தச் செலவு 180 ரூபாய்.

முன்பக்கம் லென்ஸ் நீட்ட ஒரு ஓட்டை, அதுக்கு மேலே கண்ணு வச்சுப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை. பின்பக்கத்தை நல்லா இறுக்கி மூடணும். இது ஏன்னு கேட்டா, பகல்ல நம்ம வீட்டு ஜன்னலை வெளியில இருந்து பாருங்க. உள்ளே இருட்டா இருந்தா ஒண்ணும் தெரியாது. பின்னாடிக் கதவு திறந்திருந்தா உள்ளே நடக்கிற ஆள் நிழலாட்டம் தெரியும். மறைவிடமும் அப்படித்தான். பின்னாடி வெளிச்சம் வந்தா நம்ம தலை அசையறது ஓட்டை வழியா பறவைக்குத் தெரிஞ்சிரும். நான் உள்பக்கம் அம்மாவோட பழைய கறுப்புப் புடவையைத் தொங்கவிட்டேன்.

கட்டினவுடனே உள்ளே போய் உட்காரக் கூடாது! இதுதான் நிறையப் பேர் செய்யற தப்பு. முதல்ல தீனிப்பலகையில இருந்து 25 அடி தள்ளி வச்சேன். ரெண்டு நாள் சும்மா விட்டேன். அப்புறம் தினம் ரெண்டு மூணு அடி முன்னாடி நகர்த்தினேன். ஒரு வாரத்துல 10 அடிக்கு வந்துருச்சு. லென்ஸ் ஓட்டையில ஒரு பாட்டிலோட கழுத்துப் பக்கத்தை வெட்டிக் கறுப்புப் பெயின்ட் அடிச்சுச் செருகி வச்சேன். பறவைங்க அதைத் தினமும் பார்த்துப் பழகிருச்சு. ஒரு சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி பாட்டிலை எடுத்துட்டு உண்மையான லென்ஸை வச்சேன். ஒண்ணுக்கும் சந்தேகம் வரலை. காக்காவைத் தவிர.

அது ஏன் 10 அடி? ஒரு கணக்கு சொல்றேன், கணக்கு சார் பார்த்தா சந்தோஷப்படுவார். என் கேமரா உள்ளே படம் விழற தகட்டோட அகலம் சுமார் 22 மில்லிமீட்டர். லென்ஸ் 250 மில்லிமீட்டர். 10 அடி என்பது ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். 22-ஐ 3000-ஆல் பெருக்கி 250-ஆல் வகுத்தா 264. அதாவது 10 அடி தூரத்துல 26 சென்டிமீட்டர் அகலம் உள்ள இடம் படம் முழுக்க வரும். கொண்டைக்குருவி சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். கச்சிதமா அடங்கும். 30 அடியில எடுத்தா படத்துல நாலுல ஒரு பங்குதான் குருவி, மிச்சம் எல்லாம் கொல்லை.

கேமரா இல்லாதவங்க போன்லயே எடுக்கலாம். ஜூம் பண்ணாதீங்க, படம் கலங்கலாத்தான் வரும். அதுக்குப் பதிலா போனையே பறவைக்குப் பக்கத்துல வச்சிருங்க. என் தோழி ஒருத்தி உடைஞ்ச மண்பானைக்குள்ள போனை நிக்க வச்சு, ஓட்டை வழியா லென்ஸ் மட்டும் தெரியற மாதிரி வைப்பா. தட்டுக்கும் போனுக்கும் ஒண்ணரை அடி தூரம். செல்ஃபி குச்சியோட வர்ற பட்டனை வச்சுத் திண்ணையில இருந்து அழுத்துவா. என் படங்களைவிட அவளோட சிட்டுக்குருவிப் படம் நல்லா இருக்குன்னு சொல்றதுல எனக்கு வருத்தம்தான். ஆனா உண்மை. வெயில் ஏறினதும் போனை எடுத்துரணும், சூடாயிரும்.

கேமராவில் கவனிக்க வேண்டியது மூணு நாலுதான். பிளாஷ் கூடாது. 'பீப்' சத்தத்தை அணைச்சிரணும். ஷட்டர் வேகம் 500-ல் ஒரு நொடியாவது இருக்கணும், ஏன்னா குருவி சும்மா உட்கார்ந்திருந்தாலும் தலையை வெடுக் வெடுக்குன்னு திருப்பிக்கிட்டே இருக்கும். சிறகு விரிக்கிறதை எடுக்க 2000-ல் ஒரு நொடி வேணும். சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். காலை ஆறே முக்காலில் இருந்து எட்டரை வரைக்கும்தான் நல்ல வெளிச்சம். அதுக்கப்புறம் வெயில் மேல இருந்து விழுந்து கண்ணைச் சுற்றி நிழல் கட்டிரும். பின்னணி முக்கியம். என் முதல் படங்கள்ல கொண்டைக்குருவிக்குப் பின்னாடி அப்பாவோட லுங்கி காயுது. கிளைக்குப் பின்னாடி 15 அடிக்கு ஒண்ணும் இல்லாம, அதுக்கப்பால் செடி வேலி இருந்தா, பச்சைத் திரை போட்ட மாதிரி மங்கலா அழகா வரும்.

உள்ளே உட்கார்றது சும்மா இல்லை. குப்புறக் கவிழ்த்த பெயின்ட் வாளிதான் நாற்காலி. கொசு கடிக்கும், அடிக்கக் கூடாது. கால் மரத்துப்போகும், நீட்டக் கூடாது. ஒரு தடவை தும்மலை அடக்கிக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஏப்ரல் மாசம் ஏழரைக்கு மேல உள்ளே இருந்தா இட்லிப் பானைதான். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம்.

யார் யார் வந்தாங்கன்னு சொல்றேன். முதல்ல அணில். பறவைக்கு வச்சதில பாதி அணிலுக்குத்தான். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஏழெட்டு சேர்ந்தே வரும். அதுல ஒண்ணு மட்டும் உயரமா உட்கார்ந்து காவல் பார்க்கும், மத்ததெல்லாம் கீழே தின்னும். கொஞ்ச நேரம் கழிச்சுக் காவல் மாறும். நம்ம ஸ்கூல்ல வாசல்ல நிக்கிற லீடர்கூட அவ்வளவு ஒழுங்கா மாற மாட்டாங்க! அந்தக் காவல்காரப் பறவைதான் எனக்குப் பெரிய எதிரி. கீழே இருக்கிற ஆறும் என்னை மறந்தாலும் அது மறக்காது.

ஒரு நாள் அந்தக் கூட்டத்துல வித்தியாசமா ஒரு குஞ்சு இருந்தது. கறுப்பும் வெளுப்புமா, தலையில கொண்டையோட. சுடலைக்குயில் குஞ்சு! குயில் காக்கா கூட்டுல முட்டை போடும்னு நமக்குத் தெரியும். சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவி கூட்டுல போடும். ரெண்டு தவிட்டுக்குருவி மாத்தி மாத்தி அந்தக் குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருந்ததை 11 படம் எடுத்தேன். அதுல ஒண்ணைத்தான் கீழே ஒட்டியிருக்கேன். எந்தக் கிளையையும் ஒதுக்கலை, யாரும் கத்தலை. ஊட்டி முடிச்சுட்டு அதுங்களாவே பறந்து போச்சு.

பப்பாளிக்குப் பெண்குயில் வரும், உடம்பெல்லாம் புள்ளியோட. ஆண்குயிலைக் காக்கான்னு நினைச்சு ரெண்டு தடவை விட்டுட்டேன், சிவப்புக் கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது. பச்சைக்கிளி தட்டுக்கு வராது, கொய்யா மரத்துலயே வேலையை முடிச்சிரும். (மீனாட்சியம்மன் கோயில் கிளிக்கூடு மண்டபத்துல முன்னாடி கிளிகளைக் கூண்டுல வச்சிருந்தாங்கன்னு அம்மாச்சி சொல்வாங்க. இப்போ காட்டுக்கிளியைக் கூண்டுல வளர்க்கிறது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வீட்டுல வச்சிருக்கிறவங்க இருந்தா யோசிங்க.) ஒரு நாள் எல்லாப் பறவையும் ஒரே நொடியில மாயமாயிருச்சு. என்னன்னு பார்த்தா முருங்கைக் கிளையில வல்லூறு உட்கார்ந்திருக்கு. அது வர்ற அன்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு வேற யாரும் வர மாட்டாங்க. வல்லூறைத் திட்டக் கூடாது. அதுக்கும் இதுதான் தீனித்தட்டு.

அக்டோபர் கடைசியில ஒரு சாயங்காலம் தண்ணித் தட்டுக்கு ஆறுமணிக்குருவி வந்தது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாம் ஒரே உடம்புல. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வர்ற பறவை. விடியற்காலையும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கூப்பிடுறதால அந்தப் பேரு. நான் உள்ளே இருந்தேன். கேமராவும் இருந்தது. வெளிச்சம்தான் இல்லை. எடுத்த நாலு படமும் ஆட்டம். ஒட்டியிருக்கேன், பார்த்து நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்க, எது தலை எது வாலுன்னு.

இப்போ காக்கா விஷயம். புத்தகத்துல ஒரு தந்திரம் இருக்கும். மறைவிடத்துக்குள்ள ரெண்டு பேர் போகணும், ஒருத்தர் மட்டும் திரும்பி வரணும். பறவைக்கு எண்ணத் தெரியாததால எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சுக்குமாம். நானும் தம்பியும் போனோம், தம்பி திரும்பி வந்தான். தவிட்டுக்குருவி ஏமாந்தது. கொண்டைக்குருவி ஏமாந்தது. காக்கா மட்டும் கிடுகு மேலேயே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்ச்சு, கீத்து இடுக்கு வழியா என்னைப் பார்த்துக் 'கா'ன்னுச்சு.

காக்கா ஆளைக்கூட அடையாளம் வச்சுக்கும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துல 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முகமூடியை மாட்டிக்கிட்டுக் கொஞ்சம் காக்காக்களைப் பிடிச்சு, காலில் வளையம் மாட்டி விட்டாங்க. அதுக்கப்புறம் அந்த முகமூடியோட யார் நடந்தாலும் காக்காங்க திட்டித் தீர்த்துச்சு. வருஷக்கணக்கா மறக்கலை. பிடிபடாத காக்காங்களும் சேர்ந்து திட்டிச்சு. வேற முகமூடிக்கு அவ்வளவு கத்தலை. 2008-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இன்னொண்ணு பார்த்தாங்க. ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவை, தீனித்தட்டை மனுஷன் நேராப் பார்த்துக்கிட்டு இருந்தா வரத் தயங்குது. அதே ஆள் கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டா சீக்கிரம் வந்து தின்னுது.

இதைப் படிச்ச பிறகுதான் அம்மாச்சி விஷயம் எனக்குப் புரிஞ்சது. அவங்க கண்ணு எப்பவும் சொளகுல இருக்கும். குருவியைப் பார்க்கவே மாட்டாங்க. தினமும் அதே இடம், அதே வெள்ளைச் சேலை, அதே 'சரக் சரக்' சத்தம். நான் போகும்போது குருவியையே முறைச்சுப் பார்த்துக்கிட்டுப் பூனை மாதிரி பதுங்கிப் போவேன். அது எப்படி நிக்கும்? ஒரு நாள் பரீட்சை பண்ணிப் பார்த்தேன். அம்மாச்சி சேலையைத் தலையோட போர்த்திக்கிட்டு, சொளகை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். தவிட்டுக்குருவி பத்தடி வரைக்கும் வந்தது. நான் ஆசையில நிமிர்ந்து பார்த்தேன். போயிருச்சு. அம்மாச்சி திண்ணையில இருந்து சிரிச்ச சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு. மதுரையில இருந்து திருப்பத்தூர் போற வழியில. போன ஜனவரியில சித்தப்பா கூட்டிட்டுப் போனார். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கருவேல மரங்கள்ல நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டும். சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க பறவை பயந்துரும்னு தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதே இல்லை. 1977-ல் சரணாலயமா அறிவிச்சாங்க. அங்க சாக்கும் தேவைப்படலை, கிடுகும் தேவைப்படலை. ஆடு மேய்க்கிறவர் கரையில நடக்கிறார், பறவை திரும்பிக்கூடப் பார்க்கலை. நானும் கேமராவை எடுத்தேன். ஆனா கூடு இருந்ததால கரையில இருந்தே மரத்தை மட்டும் தூரமா எடுத்துட்டு வந்தேன். படம் சுமார்தான்.

பொங்கல் லீவுல நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, 2015-ல் இருந்து. வீட்டுக் கொல்லையில கால் மணி நேரம் நின்னு பார்த்த பறவைகளை எண்ணி எழுதினாலே சேர்த்துக்குவாங்க. இந்தப் பொங்கலுக்கு எங்க கொல்லையில மட்டும் 17 வகை எழுதினேன். வர்ற பொங்கலுக்கு நம்ம வகுப்புல இருந்து இன்னும் நாலு பேர் சேர்ந்தா நல்லா இருக்கும்.

இந்த வருஷமும் மருதாணிச் செடிக்குள்ள கொண்டைக்குருவி கூடு இருக்குன்னு நினைக்கிறேன். மார்ச் மாசத்துல இருந்து ஒரு ஜோடி பப்பாளித் துண்டைக் கவ்விக்கிட்டு அந்தப் பக்கம்தான் போகுது. கடைசியா ஒட்டியிருக்கிற படம் அதுதான். அலகுல பப்பாளி, கண்ணுக்குப் பின்னாடி கறுப்புத் தலை, வாலுக்கு அடியில சிவப்பு. தீனிப்பலகைக்கும் மருதாணிக்கும் நடுவில இருக்கிற முருங்கைக் கிளையில எடுத்தது. செடிப்பக்கம் நான் போகலை. குஞ்சு எத்தனைன்னும் தெரியாது. மருதாணி பறிக்க வந்த பக்கத்து வீட்டு அத்தையையும் மே மாசம் வரைக்கும் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டோம். அவங்களுக்குக் கோபம்தான்.

மறைவிடத்துல உட்கார்ந்து பார்க்க ஆசை இருக்கிறவங்க எங்கிட்ட சொல்லுங்க. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரணும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான். வெள்ளைச் சட்டை, கொலுசு, முறுக்குப் பாக்கெட் கூடாது. சளி பிடிச்சிருந்தா அடுத்த வாரம் வரவும்.